எண் பூஜ்யம் காட்டுகிறது, விண்மீனைக் காணோம்: டிஜிட்டல் செட்டிங் சர்க்கிளைச் சரிசெய்வது எப்படி?

பொதுமக்களுக்கு வானம் காட்டும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கோளரங்கமோ, கல்லூரி வானியல் மன்றமோ, மலையில் இருக்கும் விடுதியோ, இரவானால் உங்கள் தொலைநோக்கிக்குப் பின்னால் வரிசை நிற்கும். ஒரு விண்மீன் கொத்தைத் தேடிப் பத்து நிமிடம் குழாயை ஆட்டிக்கொண்டிருந்தால் வரிசை கலைந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் டிஜிட்டல் செட்டிங் சர்க்கிள். இதில் மோட்டார் கிடையாது. எந்தப் பக்கம், எவ்வளவு தள்ள வேண்டும் என்று பெட்டியோ கைபேசியோ சொல்லும்; தள்ளுவது உங்கள் கை. திரையில் இரண்டு எண்களும் பூஜ்யத்துக்கு வந்தால் பொருள் ஐபீஸுக்குள் இருக்க வேண்டும்.

இல்லையென்றால் பலரும் முதலில் கை வைப்பது செயலியில்தான். அழித்து மறுபடி ஏற்றுவார்கள், அப்டேட் தேடுவார்கள். அங்கே கோளாறு இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அது ஒரு திருகிலோ, ஒரு கேபிளிலோ, யாரோ தவறாகத் தட்டிய ஓர் எண்ணிலோ இருக்கும். மூன்றையும் பகலிலேயே பார்த்துவிடலாம்.

கருவிக்குள் நடப்பது எளிய விஷயம். டாப்சோனியன் தொலைநோக்கிக்கு இரண்டு அச்சுகள்: பக்கவாட்டில் சுழல ஒன்று, மேலும் கீழும் சாய ஒன்று. ஒவ்வொன்றிலும் ஓர் என்கோடர். அச்சு திரும்பத் திரும்ப அது எண்ணிக்கொண்டே போகும். முழுச் சுற்றுக்கு 8192 எண்ணிக்கை என்றால் ஓர் எண்ணிக்கை சுமார் 2.6 கலை. முழு நிலவின் அகலம் ஏறக்குறைய 31 கலை. 1200 மி.மீ. குவியத் தொலைவுள்ள எட்டு அங்குலத் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் தெரியும் பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது 60 கலை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, "குறி தவறுகிறது, இதைவிட நுட்பமான என்கோடர் வாங்கலாம்" என்று அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். இருக்கிற என்கோடரே பெரும்பாலும் போதும்.

முதலில் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள். என்கோடர் தகட்டில் 2048 கோடுகள் இருந்தால் மின்சுற்று அதை நான்கால் பெருக்கி 8192 என்று எண்ணும். யாராவது 2048 என்று போட்டிருந்தால் நான்கு மடங்கு பிசகு. அடுத்து திசை. குழாயை உயர்த்தினால் ஏற்றக்கோணம் கூட வேண்டும். வடக்கிலிருந்து கிழக்காகத் திருப்பினால் திசைக்கோணம் கூட வேண்டும். குறைந்தால் அந்த அச்சுக்கு மைனஸ் குறி போடுங்கள். பக்கவாட்டில் திருப்பும்போது ஏற்றக்கோணம் ஓடினால் கேபிள்கள் இடம் மாறியிருக்கின்றன.

இனி முக்கியமான சோதனை. தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியை ஐபீஸின் நடுவில் வைத்து, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் வாயை மூடியால் மூடுங்கள். சூரியன் இருக்கும் வேளையில் திறந்த தொலைநோக்கியைச் சுழற்றவே கூடாது, இதில் சமரசம் இல்லை. மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே திசைக்கு வந்து, சூரியன் அந்தப் பக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்டு மூடியைக் கழற்றுங்கள். கோபுர உச்சியை மறுபடி நடுவில் வையுங்கள். எண்ணிக்கை 8192க்கு ஓரிரண்டு முன்பின்னாக நகர்ந்திருந்தால் அச்சு சரி. ஐம்பது, நூறு என்று பிசகினால் எங்கோ வழுக்குகிறது.

எங்கே வழுக்கும்? அடிப்பலகையின் நடு போல்ட்டை முதலில் பிடித்துப் பாருங்கள். அது அடிப்பலகையோடு அசையாமல் நிற்க வேண்டும். தொலைநோக்கி திரும்பும்போது போல்ட்டும் கூடவே துளி திரும்பினால் என்கோடர் அந்தத் துளியை எண்ணாது. அடுத்தது என்கோடர் தண்டை இறுக்கும் செட் ஸ்க்ரூ. மலைப்பாதையில் ஜீப்பில் போய்வந்த கருவியில் இது தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்றாவது, என்கோடரின் உடல் சுழலாமல் பிடித்திருக்கும் கை. அதன் முனை செருகியிருக்கும் துளை அகன்றிருந்தால், திசை மாற்றித் தள்ளும் ஒவ்வொரு முறையும் சில எண்ணிக்கைகள் தொலையும். அந்தக் கையை முழுக்க இறுக்கிவிடவும் கூடாது. இறுக்கினால், தண்டு சற்றே கோணலாக இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று பிழை ஏறி இறங்கும்.

இருட்டிய பிறகு இரண்டு விண்மீன்களில் அலைன்மெண்ட்: அவற்றை ஒவ்வொன்றாக ஐபீஸின் நடுவில் வைத்து, குழாய் வானத்தில் எங்கே பார்க்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது. இந்த வேலையில் நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். இரண்டும் 60 முதல் 120 பாகை விலகி இருக்கட்டும். உச்சியும் வேண்டாம், அடிவானமும் வேண்டாம். காவலூர் போல வடக்கு 12 பாகையை ஒட்டிய ஊர்களில் துருவ விண்மீன் 12 பாகை உயரத்திலேயே நின்றுவிடும். பாதி இடங்களில் மரம் மறைக்கும். வெளிநாட்டுக் கையேடு துருவ விண்மீனைச் சொன்னால் அப்படியே பின்பற்றாதீர்கள். பிப்ரவரி கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு மேற்கில் ரோகிணி, கிழக்கில் மகம். இரண்டுக்கும் நடுவே சுமார் 80 பாகை. அந்த நேரத்துக்கு இதைவிட நல்ல ஜோடி தேட வேண்டாம். அப்போது புரோசியான் தலைக்கு நேர் மேலே பளிச்சென்று அழைக்கும், போகாதீர்கள். உச்சிக்கு அருகில் குழாயை எவ்வளவு சுழற்றினாலும் விண்மீன் கொஞ்சமே நகரும், அதனால் திசைக்கோணம் துல்லியமாகப் பதியாது. விண்மீனை நடுவில் வைக்க ஒரு வழி: ஃபோகஸைக் கலைத்து விண்மீனைச் சிறு வட்டாக்குங்கள். புள்ளியை நடுவில் வைப்பதைவிட வட்டை வைப்பது கண்ணுக்குச் சுலபம்.

இரண்டாவது விண்மீன் முடிந்ததும் பெரும்பாலான பெட்டிகள் ஒரு பிழை எண்ணைக் காட்டும். இரு விண்மீன்களுக்கும் உண்மையில் உள்ள இடைவெளிக்கும் என்கோடர் அளந்ததற்கும் உள்ள வித்தியாசம் அது. அரைப் பாகையைத் தாண்டினால் தொடராதீர்கள்: விண்மீனை மாற்றிப் பிடித்திருப்பீர்கள், அல்லது அலைன்மெண்ட் தொடங்கும்போது பெட்டி கேட்டபடி குழாயைச் செங்குத்தாக நிறுத்தியதில் பிசகு. ரசமட்டம் வைத்துச் செங்குத்தை மறுபடி அமையுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் அச்சின் திசைக்குறி தலைகீழாக இருந்தாலும் இந்தப் பிழை எண் சுத்தமாகவே வரும். கண்ணாடியில் தெரிகிற வானத்திலும் இரு விண்மீன்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாதல்லவா? ஆகவே மூன்றாவதாக ஒன்றைப் பார்க்காமல் வரிசையைத் திறக்காதீர்கள். சிரியஸுக்குப் போங்கள், அங்கிருந்து நாலு பாகை தெற்கே எம் 41 கொத்துக்கு. இரண்டும் ஐபீஸில் விழுந்தால் தயார்.

இரவு நடுவில் வரும் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே திசையில், நேரம் ஆக ஆகப் பிசகு வளர்ந்தால் திருகு வழுக்குகிறது, அல்லது ஈர மண்ணில் கால்கள் புதைகின்றன. வானத்தின் ஒரு பக்கம் மட்டும் தவறினால் அந்தப் பகுதியிலேயே ஒரு விண்மீனைப் பிடித்து ஒத்திசைத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள். அச்சுகளின் செங்கோணத்தை மறுநாள் பார்க்கலாம். ஓர் அச்சின் எண் அசையவே இல்லையென்றால், பெட்டிப் பக்கத்தில் இரு கேபிள்களையும் மாற்றிச் செருகுங்கள். கோளாறு அடுத்த எண்ணுக்குத் தாவினால் கேபிளோ என்கோடரோ பழுது; அதே எண்ணில் நின்றால் பெட்டி. பெட்டி தானாக அணைந்துபோனால் பவர் பேங்கைச் சந்தேகியுங்கள்: இவ்வளவு குறைந்த மின்சாரம் இழுத்தால் சில பவர் பேங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணி நின்றுவிடும். அலைன்மெண்டும் அதோடு போய்விடும். கைபேசித் தொடர்பு அறுந்துகொண்டே இருந்தால் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். இணையம் இல்லாத வைஃபையை விட்டுக் கைபேசி தாவிவிடுகிறது.

இவை அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதிக் கருவிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்: எண்ணிக்கை, திசைக்குறி, அன்றைய பிழை எண், எந்தத் திருகை இறுக்கினீர்கள். அடுத்த முறைப்பணிக்கு வருபவருக்கு நீங்கள் விட்டுச்செல்லும் உண்மையான உதவி அதுதான். பகல் சோதனை முடியாத கருவியை மட்டும் தயவுசெய்து மக்கள் முன் நிறுத்தாதீர்கள். முதன்முறை ஐபீஸில் கண் வைக்கும் ஒருவர் வெற்று இருட்டைப் பார்த்துவிட்டுப் போனால், இன்னொரு முறை வரிசையில் நிற்க வருவது கஷ்டம்.