கண்மாய் மீனும் கோடை விடியலும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் தூண்டில் போடும் பழக்கம் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடையில் கண்மாய்க்கு எப்போது போகலாம் என்றால், "வெள்ளென போயிரணும்" என்பார்கள். வெயில் ஏறியதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள். அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்னும் மீனைப் பிடிப்பவர்களும் கோடையில் விடியற்காலையையே விரும்புகின்றனர். காலைக் குளிரில் மீன் ஆழமில்லாத கரையோரம் இரை தேடி வரும். வெயில் ஏறினால் ஆழத்துக்கோ பாசி நிழலுக்கோ போய்விடும். இது எளிதில் விளங்குகிறது.

ஆனால் இதில் ஒரு புதிர் உண்டு. கண்மாய் நீரில் மூச்சுவிடுவதற்கு மிகக் கடினமான நேரமும் அந்த விடியற்காலைதான்!

மலையடிவாரத்தில் உள்ள இந்தக் கண்மாய்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புபவை. ஒரு கண்மாய் நிறைந்தால் மிகுந்த நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு ஓடும். மீன்களும் கூடவே போகும். சித்திரை பிறக்கும்போது நீர் வற்றி, மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் தேங்கி நிற்கும். கண்மாய் முழுவதும் திரிந்த மீன்கள் அத்தனையும் அந்தப் பள்ளத்தில் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து கரைத்துக்கொள்ளக் கூடியது சுமார் 7.5 மில்லிகிராம்தான். நீர் 20 டிகிரியில் இருந்தால் 9 மில்லிகிராம் கரையும். அதாவது, சூடு ஏற ஏற நீரில் ஆக்சிஜன் குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. மீனுக்கு நம்மைப் போல நிலையான உடல்வெப்பம் கிடையாது. நீர் 10 டிகிரி சூடானால் அதன் உடலின் ஆக்சிஜன் செலவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பகலில் இந்தக் குறையை ஈடுசெய்பவை பாசிகள். கண்மாய் நீரைப் பச்சையாக்கும் நுண்ணிய பாசிகள் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. நன்கு பச்சையேறிய நீரில் பிற்பகலில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் வரைகூட ஏறும். சூரியன் மறைந்ததும் வரவு நின்றுவிடுகிறது. சுவாசம் நிற்பதில்லை. பாசியும் சுவாசிக்கிறது, மீனும் சுவாசிக்கிறது, அடிச்சேற்றில் மக்கும் இலைதழைகளைத் தின்னும் பாக்டீரியாக்களும் சுவாசிக்கின்றன. பகலில் கொடுத்த பாசியே இரவில் பங்குக்கு வந்துவிடுகிறது! இரவு முழுவதும் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வந்து, சூரியன் உதிக்கும் முன்னே மிகத் தாழ்ந்த அளவைத் தொடுகிறது. கெண்டை வகை மீன்கள் 3 மில்லிகிராமுக்குக் கீழே திணறத் தொடங்கும். 1 மில்லிகிராமுக்குக் கீழே நெடுநேரம் நீடித்தால் பிழைப்பது அரிது.

அப்போது கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றைக் குடிப்பதுபோலத் தோன்றும். உண்மையில், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்மட்ட நீரில் மட்டுமே சிறிது ஆக்சிஜன் மிஞ்சியிருப்பதால் அந்த நீரைச் செவுளுக்குள் இழுக்கின்றன. 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனான ஜிலேபி, இந்த வித்தையில் கெட்டிக்காரன்.

விரால் வேறு சாதி. அதன் தலையில் செவுளுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை அள்ளி அந்த அறையில் நிரப்பிக்கொண்டு கீழே போய்விடும். காற்று அதற்குக் கட்டாயத் தேவை. மேலே வரவிடாமல் நீருக்குள்ளேயே வலையால் தடுத்துவிட்டால் விரால் மூச்சு முட்டி இறந்துவிடும். மீன் நீரில் மூழ்கி இறப்பதா என்று சிரிக்காதீர்கள்! இதே போன்ற அறை கொண்ட பனையேறிக் கெண்டை, 1791இல் தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதி வைத்தார். மரம் ஏறியது பற்றி ஐயம் உண்டு. நீரைவிட்டு வெளியேறி நெடுநேரம் உயிர் வாழும் என்பதில் ஐயமில்லை.

இப்போது புதிர் அவிழ்கிறது. விடியலில் சிறு மீன்கள் திணறி மேலே மிதக்கும்போது விராலுக்கு மூச்சுக் கவலை இல்லை, எதிரே விருந்து! கரையோரப் பாசி மறைவில் அசையாமல் நின்று பாய்ந்து பிடிக்கும். சிறுமீனையோ தவளையையோ இரையாகக் கோத்த தூண்டிலுக்கு அந்த நேரத்தில் விரால் சிக்குவது இதனால்தான். வாய் பிளந்து நிற்கும் கட்லாவின் முன் எதைப் போட்டாலும் தீண்டாது. திணறும் மீனுக்குப் பசி இருப்பதில்லை.

ஆகவே நீர்ப்பரப்பில் தெரியும் அடையாளங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒரு "களக்" ஒலி, ஒற்றை வளையம், பிறகு அமைதி என்றால் காற்றெடுக்க வந்த விராலாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான வாய்கள் ஒரே இடத்தில் திறந்து மூடினால், கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தவர் உடனே ஓடிவர வேண்டிய நேரம் அது. முந்திய நாள் மேகம் மூடிப் புழுக்கமாக இருந்திருந்தால் ஆபத்து அதிகம். பாசிக்கு அன்று போதிய வெயில் கிடைத்திருக்காதல்லவா? அத்தகைய விடியலில் மோட்டாரை வைத்துக் கண்மாய் நீரையே இறைத்து, உயரத்திலிருந்து மீண்டும் கண்மாயிலேயே விழச் செய்வார்கள். நீர் சிதறும்போது காற்று கரைகிறது. தீவனம் போடுவதையும் சாணம் கரைப்பதையும் நிறுத்திவிட வேண்டும். சாணம் மக்குவதற்கும் ஆக்சிஜன்தான் செலவாகும்.

விடுமுறையில் பெரியவர் ஒருவருடன் போய், காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நீரின் வெப்பத்தை வெப்பமானியால் அளந்து குறியுங்கள். இரு வேளையும் பத்து நிமிடத்தில் எத்தனை முறை மீன் மேலே வருகிறது என்று எண்ணுங்கள். மடைப் பள்ளத்துச் சேறு ஆளை இழுக்கும். கரையிலிருந்தே எண்ணினால் போதும்.