வீடு இடம் மாறலாம், வயல் மாறாது

அன்புள்ள தம்பிக்கு,

மண்களில் எது சிறந்தது என்று கேட்டு எழுதியிருந்தாய். வண்டல், கரிசல், செம்மண், சரளை, உவர் என்று பாடப்புத்தகம் அடுக்கும் வரிசையைப் படித்தால், மேலிருந்து கீழே தரம் இறங்கிக்கொண்டே போவதாகத்தான் தோன்றும். ஆனால் ‘எதற்குச் சிறந்தது?’ என்று கேட்காதவரை உன் கேள்விக்கு விடை இல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1976இல் நில மதிப்பீட்டுக்கென ஒரு நெறிமுறை வெளியிட்டது. நிலத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொன்ன பிறகே அது பொருத்தமா என்று பேச முடியும் என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. நான் அதிலிருந்து இன்னும் ஓரடி எடுத்துவைக்கிறேன். ஒரே நிலத்துக்கு இரண்டு பயன்கள் போட்டியிட்டால், வேறு மண்ணில் பிழைக்க முடியாத பயனுக்கே முதல் உரிமை தர வேண்டும். நம் ஊர்களில் இன்று நடப்பது இதற்கு நேர்மாறானது.

முதலில் மண்ணை அறியும் வழியைச் சொல்கிறேன். மண்ணின் குணத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது துகளின் அளவு. பருமனானவை (இரண்டு மில்லிமீட்டர் வரை) மணல், 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை களி, இடைப்பட்டவை வண்டல் துகள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண்ணும் மீதி நீருமாக நிரப்பிக் குலுக்கி வை. மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கிவிடும், வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும், களியோ ஒரு நாள் ஆனாலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடை மண்ணில் துகள்களின் மொத்தப் பரப்பு பெருகும். அந்தப் பரப்பில்தான் நீரும் பயிருக்கான சத்தும் ஒட்டிக்கொள்கின்றன. மணலில் நீர் வேகமாக இறங்கிவிடும், களியில் நிற்கும். ஒரு பயிருக்கு வரமாக இருப்பது இன்னொன்றுக்குக் கேடாவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலை எடுத்துக்கொள். அதிலுள்ள களி மான்ட்மோரிலோனைட் வகையைச் சேர்ந்தது. தாள் தாளாக அடுக்கிய அதன் அமைப்புக்குள் நீர் புகுந்ததும் மண் உப்பும், காய்ந்ததும் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் உதிர்ந்து அடிமண்ணோடு கலக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய ஈரத்தை இந்த மண் ஆழத்தில் பிடித்துவைத்துக்கொள்வதால், மழை ஓய்ந்த பிறகும் பருத்தியும் சோளமும் அதை உறிஞ்சி விளைகின்றன. கிணறும் கால்வாயும் அரிதான வட்டாரத்தில் கருங்கண்ணிப் பருத்தி தலைமுறைகளாகத் தழைத்ததற்கு இந்த மண் காரணம். ஆனால் அதே மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டு வீடு கட்டினால், மழைக்கு ஒருமுறை தூக்கியும் வெயிலுக்கு ஒருமுறை இறக்கியும் சுவரைப் பிளந்துவிடும். கழிவுநீர்க் குழி வெட்டினாலும், ஊறிய களி நீரை எளிதில் உள்ளே வாங்காது. பருத்திக்குப் பொன்னாக இருக்கும் நிலத்தில் கட்டடம் ஓயாமல் போராட வேண்டியிருக்கிறது.

காவிரிப் படுகையின் வண்டலும் களியும் நெல்லுக்கென்றே அமைந்தவை. தொளி உழவில் சேறாகக் குழைத்ததும் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு, கட்டிய நீர் கீழே இறங்காமல் நிற்கிறது. அந்த வயலில் நிலக்கடலை போட்டால் விழுது இறங்குவதே பாடு, அறுவடையில் செடியைப் பிடுங்கும்போது காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். கடலைக்கு இளகிய செவல் வேண்டும். பண்ணுருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரியும் பலாவும் செழிக்கின்றன. நீலகிரியின் அமில மண் தேயிலைக்கு உகந்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிச் செம்மணலில் நீர் நிற்காது, ஆனாலும் பனையும் முந்திரியும் அங்கே வேரூன்றியிருக்கின்றன.

இப்போது வீட்டின் தேவையைப் பார். அதற்கு வேண்டியது மூன்றுதான்: பாரம் தாங்கும் தரை, நீர் வடியும் வாட்டம், வெள்ளம் ஏறாத மேடு. இம்மூன்றும் சரளைப் பூமியிலும் கல்லாங்காட்டிலும் தாராளமாகக் கிடைக்கும், அங்கே நெல் விளையாது. அப்படியிருந்தும் மனைப்பிரிவு போடுபவர்கள் சாலையோர நஞ்சையைத் தேடி வாங்கி, வேறெங்கோ தோண்டிய செம்மண்ணையும் சரளையையும் லாரி லாரியாகக் கொட்டி மேடாக்குகிறார்கள். இதில் நிலம் இரண்டு இடத்தில் கெடுகிறது, மூடப்பட்ட வயல் ஒன்று, தோண்டப்பட்ட மேடு இன்னொன்று. மழையைத் தாங்கி நிறுத்திய வயல் போனதால் அந்த நீர் பக்கத்துத் தெருவுக்குள் வருகிறது. பிறகு இதை மாற்றவும் முடியாது. ஓரங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். தேவையானால் வீட்டை இடித்துவிடலாம், அடியில் புதைந்த வயலை மீட்க முடியாது.

இதைக் கேட்டதும் நீ ஒரு தடை எழுப்பலாம். ‘உரமும் சொட்டுநீரும் வந்த பிறகு மண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? எந்த மண்ணையும் எதற்கும் பழக்கிவிடலாமே?’ இதில் பாதி உண்மை இருக்கிறது. மண்ணின் வேதியியலை ஓரளவு திருத்தலாம். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டுச் சோடியத்தைக் கழுவி வெளியேற்றலாம், அந்த நிலத்தைத் தாங்கும் டி.ஆர்.ஒய். வரிசை நெல் ரகங்களைத் திருச்சியில் உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் துகளின் அளவை மாற்ற உரத்தால் ஆகாது. ஓர் ஏக்கரில் அரையடி ஆழ மண் சுமார் 900 டன் எடையிருக்கும். அதில் களியின் பங்கைப் பத்து சதவீதம் கூட்டவே குறைந்தது நூறு டன் களி கொண்டுவந்து கலக்க வேண்டும். குளத்து வண்டல் அடிக்கும் வழக்கம் செய்வது இதைத்தான், அதுவும் சிறிது சிறிதாக. தொழில்நுட்பம் கட்டடத்துக்குக் கைகொடுத்த அளவுக்கு வயலுக்குக் கைகொடுக்கவில்லை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே, அடியில் குமிழ்போல் விரிந்து நிற்கும் தூண் அஸ்திவாரத்தை வகுத்துக் கொடுத்தது. ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில், சுமார் மூன்றரை மீட்டருக்குக் கீழே, அது ஊன்றிக்கொள்கிறது. செலவு செய்தால் வீட்டைக் கரிசலில்கூட நிறுத்திவிடலாம். நெல்லைச் சரளையில் அப்படி நிறுத்த வழியில்லை. ஆகவே இந்தத் தடை என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது.

இதைவிடக் கனமான தடை இன்னொன்று உண்டு. விவசாயி தன் நிலத்தை விற்பது மண்ணின் குணம் தெரியாமலா? இல்லை. சம்பா கைக்கு எட்டாத ஆண்டுகளின் கடனும், மகளின் படிப்புச் செலவும், மனையாக்கினால் பல மடங்கு விலையும் அவர் கண்முன் நிற்கின்றன. ‘நல்ல மண் ஊருக்கே பொது’ என்று அவரிடம் மட்டும் தியாகம் கேட்பது நியாயமில்லை, அதைக் கேட்கும் தகுதி யாருக்கும் கிடையாது. வயல் வயலாகவே இருப்பதால் சோறும் நிலத்தடி நீரும் வெள்ளத் தடுப்பும் எல்லோருக்கும் கிடைக்கின்றன என்றால், அதன் விலையையும் எல்லோரும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலையும், நஞ்சையை நஞ்சையாக வைத்திருப்பவருக்கு நேரடி உதவியும் அதன் தொடக்கம். 2020இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு எடுப்பையும் உருக்காலைகளையும் தடுக்கிறது. அது பெரிய நன்மைதான். ஆனால் வயலைத் துண்டு துண்டாக விழுங்கும் மனைப்பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

டெல்டா மக்களும் டெல்டாவில்தானே குடியிருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். உண்மைதான். படுகை முழுவதும் ஒரே மண் அல்ல என்பதில் இதற்கு வழி இருக்கிறது. ஆறு பெருகும்போது பருமனான துகள்களைக் கரையோரத்திலேயே இறக்கிவிட்டு, நுண்ணிய களியைத் தொலைவிலுள்ள பள்ளத்துக்குக் கொண்டுபோகும். அதனால் கரையோரம் மணற்பாங்கான மேடாகவும், உள்ளே தாழ்வான களிவயலாகவும் அமைகிறது. ஒரே ஊருக்குள் சில நூறு மீட்டர் நகர்ந்தால் பொருத்தம் மாறிவிடுகிறது. எனவே முடிவு மாவட்ட அளவில் எடுக்க வேண்டியதல்ல, சர்வே எண் அளவில் எடுக்க வேண்டியது.

அதற்கான விவரம் நம் கோப்புகளில் இருக்கிறதா என்று பார். கிராம அ-பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’ என்றொரு பத்தி இருக்கிறது. நிலத்துக்கு எவ்வளவு தீர்வை விதிக்கலாம் என்று கணக்கிட வகுத்தது அது, எதற்கு நிலம் ஏற்றது என்று அதில் தெரியாது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டை சத்துக்களையும் அமிலத்தன்மையையும் உவர்ப்பையும் கரிம அளவையும் சொல்கிறது, ஆழத்தையும் வடிகாலையும் சொல்வதில்லை. நாகபுரியிலுள்ள தேசிய மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் இவற்றையெல்லாம் வரைபடமாக்குகிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் மேசைக்கு அந்த வரைபடம் வந்து சேர வேண்டும். உங்கள் ஊர்க் கிராம சபையில் அடுத்த மனைப்பிரிவு பற்றிய பேச்சு எழுந்தால், அந்த இடத்தில் மூன்றடிக் குழி ஒன்று வெட்டிப் பார்க்கச் சொல். மேல்மண் எவ்வளவு ஆழம், அடியில் களியா சரளையா, குழியில் ஊற்றிய நீர் எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள். இதைவிடக் குறைவாக நெல் விளையும் இடம் ஊரில் எங்கே இருக்கிறது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்