சிறிய நாடும் சொல்வன்மையும்: இலங்கை வெளியுறவு அமைச்சகத்தின் வரலாறும் பணியும்

முன்னுரை

தூது என்பது தமிழர்க்குப் புதிய சொல் அன்று. திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தூது சென்றது, நாம் வாழும் இத்தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமானிடமே என்பது சங்க இலக்கியம் பயில்வோர் அறிந்த செய்தி. இஸ்லாமிய வரலாற்றிலும் தூதின் மேன்மைக்குச் சான்றுகள் பல உள. குறைஷியரின் கொடுமையினின்று தப்பி அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் ஆள் அனுப்பினர். அப்போது ஜஃபர் இப்னு அபூதாலிப் (ரலி) அவர்கள் மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் எடுத்துரைத்த சொற்களே அவ்வேதிலிகளைக் காத்தன. படைவலியும் பொருள்வலியும் குறைந்தோர்க்குச் சொல்வலியே அரண் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

இவ்வுண்மை இக்கால அரசுகளுக்கும் பொருந்துமா என்பதை அண்டை நாடாகிய இலங்கையின் வெளியுறவு அமைச்சகத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழிற்சாலைகளால் பெயர்பெற்ற கும்மிடிப்பூண்டியில்தான் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் உள்ளது. ஆதலின் கொழும்பில் எழுதப்படும் ஒரு கோப்பு நம் திருவள்ளூர் மாவட்டத்து மக்களின் வாழ்வையும் தொடுகின்றது.

தோற்றம்

1948 பிப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அதுவரை அத்தீவின் வெளியுறவைப் பிரித்தானிய அரசே நடத்தி வந்தது. சோல்பரி அரசியலமைப்பின்படி பாதுகாப்பும் வெளியுறவும் ஒரே அமைச்சகமாகப் பிரதமரின் பொறுப்பில் வைக்கப்பெற்றன. அவ்வமைச்சகத்தின் முதல் நிரந்தரச் செயலாளராக விளங்கியவர் சர் கந்தையா வைத்தியநாதன் என்னும் தமிழர் ஆவார். கொழும்பு சாகிராக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் தொண்டாற்றிய டி.பி. ஜாயா, பாகிஸ்தானுக்கான இலங்கையின் முதல் உயர் ஆணையராக அனுப்பப்பெற்றார். கல்விக்கூடத்தை வளர்த்த ஆசிரியர் ஒருவர் நாட்டின் தூதராக உயர்ந்தமை கல்லூரி மாணவராகிய நாம் எண்ணிப் பெருமை கொள்ளத்தக்கதாகும்.

புதிய நாட்டின் குரல் உடனே உலக அவையில் ஒலித்துவிடவில்லை. சோவியத் ஒன்றியத்தின் மறுப்புரிமையால் ஐக்கிய நாடுகள் அவையில் இடம்பெற 1955 டிசம்பர் 14 வரை காத்திருக்க நேர்ந்தது.

அரிசியும் ரப்பரும்

சிறிய நாட்டின் வெளியுறவு அதன் அடுப்பங்கரையிலிருந்தே தொடங்குகின்றது. கொரியப் போரின்போது ஏறிய ரப்பர் விலை பின்னர் சரிந்தது. அதே வேளையில் அரிசிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. 1952-இல் இலங்கை மக்கள் சீனத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி பெறுவதே அதன் சாரம். இத்தனைக்கும் ஆட்சியிலிருந்தது பொதுவுடைமையை எதிர்த்த கட்சி. சீனத்துடன் தூதரக உறவு ஏற்பட்டதோ 1957-இல்தான். அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாமல் செய்யப்பெற்ற இவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்பெற்று முப்பது ஆண்டுகள் நிலைத்தது. கொள்கை வேறு, குடிமக்களின் பசி வேறு எனப் பகுத்துணர்ந்த செயல் இது.

அணிசேரா நெறி

1954 ஏப்ரலில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடினர். மறு ஆண்டு பாண்டுங்கில் நிகழ்ந்த ஆசிய ஆப்பிரிக்க மாநாட்டிற்கு அதுவே வித்தாயிற்று. 1962-இல் இந்தியாவும் சீனமும் பொருதபோது, சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் அணிசேரா நாடுகள் ஆறனைக் கொழும்பில் கூட்டி இணக்கம் காண முயன்றார். 1971-இல் இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக ஐ.நா. அறிவித்ததிலும் இலங்கையின் முயற்சி முதன்மையானது. 1976-இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாம் உச்சி மாநாடு கொழும்பில் நடந்தேறியது.

அதே 1976-இல் ஐ.நா. பொதுப் பேரவையின் தலைவரான இலங்கைத் தூதர் ஷெர்லி அமரசிங்க, கடற்சட்ட மாநாட்டையும் 1973 முதல் 1980-இல் தாம் மறையும்வரை தலைமையேற்று நடத்தினார். பின்னர் அப்பொறுப்பை ஏற்றவர் மற்றொரு சிறிய நாடாகிய சிங்கப்பூரின் டாமி கோ ஆவார். 1982-இல் கையொப்பமான அச்சட்டமே கரையோர நாடுகளுக்கு 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமையை உறுதி செய்தது. பழவேற்காட்டு மீனவர் வலை வீசும் கடலுக்கும் அச்சட்டம் உரியது. பெருங்கப்பற்படை இல்லாத நாடுகளின் அறிஞர்கள் உலகக் கடலுக்கு வரம்பு வகுத்தனர் என்பது வியந்து போற்றத்தக்கது.

தனி அமைச்சகம்

1977 வரை பிரதமரே வெளியுறவையும் கவனித்து வந்தார். அவ்வாண்டில்தான் அதற்கெனத் தனி அமைச்சர் நியமிக்கப்பெற்றார். அப்பெருமைக்குரியவர் கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ஏ.சி.எஸ். ஹமீது. 1989 வரை அப்பொறுப்பிலிருந்த அவர் 1993-இல் மீண்டும் அதனை ஏற்றார். தெற்காசிய நாடுகளின் வெளியுறவுச் செயலாளர்கள் முதன்முதலாகக் கூடியது 1981-இல் கொழும்பில், அவர் காலத்தில்தான். அதன் விளைவாக 1985-இல் சார்க் அமைப்பு உருவாயிற்று. 1989-90-இல் விடுதலைப் புலிகளுடன் அரசு நடத்திய பேச்சுவார்த்தைகளிலும் அரசுத் தரப்பில் முன்னின்றவர் அவரே.

1994-இல் அமைச்சரான இலட்சுமண் கதிர்காமர் தமிழர். ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தின் தலைவராக விளங்கிய நாவலர். 2005 ஆகஸ்ட் 12-ஆம் நாள் கொழும்பில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாமல் நாடு தத்தளித்தபோது வெளியுறவு அமைச்சரானவர் அலி சப்ரி. சிறுபான்மையினர் பலர் இப்பதவியை அணி செய்துள்ளமை இவ்வமைச்சகத்தின் தனிச்சிறப்பாகும்.

எண்ணிக்கையாகிய மக்கள்

இத்துணைச் சிறப்புகளையும் கூறிய நாம் மறுபக்கத்தையும் கூறாதுவிடின் ஆய்வு நிறைவுறாது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தேயிலையையும் ரப்பரையும் விளைவித்த கைகள், அரிசியும் ரப்பரும் பங்கிடப்பெற்றவாறே பங்கிடப்பெற்றன. நாடற்றிருந்த எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் இயற்றப்பெற்றது.

1983-க்குப் பின் இனக் கலவரமும் போரும் துரத்தக் கடல் கடந்தோரின் நிலையும் இத்தகையதே. 1987 ஜூலை 1-க்குப் பின் இந்திய மண்ணில் பிறந்ததனால் மட்டும் ஒரு குழந்தை இந்தியக் குடியுரிமை பெறுவதில்லை. இலங்கைக்கு வெளியே பிறந்த குழந்தையோ, பிறப்பு பதிவு செய்யப்பெற்ற பின்னரே இலங்கைக் குடிமகனாகும். கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்த குழந்தைக்கு அப்பதிவைச் செய்து தர வேண்டியது சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஆணையகமாகும். உச்சி மாநாடுகளில் முழங்கும் அமைச்சகத்தின் மற்றொரு முகம் இந்தச் சாளரமே. இங்கு ஒரு தாளில் இடப்பெறும் முத்திரையே ஒரு பிள்ளைக்கு நாடு உண்டு என்று சொல்கின்றது. அது இல்லையேல் அப்பிள்ளை இரு சட்டங்களுக்கிடையே நிற்கின்றது.

மதிப்பீடு

இவ்வரலாற்றினின்று மூன்று உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, சிறிய நாடு தனித்து நின்று பேசுவதைவிடத் தன்னையொத்த நாடுகளைக் கூட்டிப் பேசும்போதே அதன் குரல் எடுபடுகின்றது. இரண்டு, சட்ட அறிவும் மொழியாற்றலும் வாய்ந்த ஒரு சிலரே படைப்பிரிவுகள் ஆற்ற இயலாத பணியை ஆற்றவல்லர். மூன்று, தூதரின் நாவன்மை எத்துணைச் சிறப்பாயினும் உள்நாட்டில் நேர்ந்த காயத்தை அது மூடி மறைக்க இயலாது. வீட்டில் நீதி நிலவாதபோது வெளியே உரைக்கும் சொல் தன் வலுவை இழக்கின்றது. போர் முடிந்த 2009-க்குப் பின் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைப் பேரவையில் இலங்கை தொடர்ந்து விடையிறுக்க வேண்டியிருந்தமை இதற்குச் சான்றாகும்.

முடிவுரை

வெளியுறவு என்பது அரசர்க்கும் அமைச்சர்க்கும் மட்டுமே உரிய துறை எனக் கருதுதல் பொருந்தாது. அரிசி விலையும், மீனவர் வலையும், குழந்தையின் பிறப்புப் பதிவும் அதன் எல்லைக்குள் அடங்குவனவே. மாணவர்கள் தமிழோடு பிறமொழிகளையும் சட்டத்தையும் வரலாற்றையும் கற்று இத்துறையில் புக முன்வருதல் வேண்டும். சமுதாயப் பெரியோர் அவர்க்கு வழிகாட்டுதல் வேண்டும். அவ்வாறு தூதுரைக்கச் செல்வோர், நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் பேசியது தமக்காக மட்டுமன்று, அடைக்கலம் தேடி வந்த அனைவர்க்காகவுமே என்பதை நினைவிற் கொள்வாராயின், அத்தூது நாட்டிற்கும் நன்மை பயக்கும். நாடற்று நிற்போர்க்கும் நிழல் தரும்.