விதையும் நிலமும்: இன்சுலின் செல்லை உடம்பில் எங்கே நடுவது?



சர்க்கரை நோய் என்றாலே தாத்தா பாட்டிக்கு வருவது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது பெரியவர்களுக்கு வரும் 2-ஆம் வகை. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது 1-ஆம் வகை.

எங்க தெருவில் மூணாப்பு படிக்கிற ஒரு பாப்பாவுக்கு இந்த 1-ஆம் வகைதான். ஒரு நாளைக்கு நாலு ஊசி. "கடலைமிட்டாய் நெறய தின்னுருப்பா, அதான்" என்று சிலர் பேசுறாங்க. அது தப்பு. மிட்டாய்க்கும் 1-ஆம் வகைக்கும் சம்பந்தமே இல்லை.

1. வேலியே பயிரை மேய்ந்த கதை

நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அதற்குள் சுமார் 10 லட்சம் லாங்கர்ஹான் திட்டுகள் இருக்கின்றன. ஒரு திட்டு கேழ்வரகு மணியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பால் லாங்கர்ஹான் என்பவர் 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோதே இதைக் கண்டுபிடித்துவிட்டார். இந்தத் திட்டில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன.

கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் செல்களே பீட்டா செல்களை அழித்துவிட்டால் 1-ஆம் வகை நோய் வருகிறது. அப்புறம் இன்சுலினை வெளியிலிருந்து ஊசியாகத்தான் கொடுக்க வேண்டும். முதன்முதலில் 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்ற பையனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்கு வயசு 14, நம்ம வயசுதான்! அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பதே இல்லை. அவன் இன்சுலின் போட்டுக்கொண்டு இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான்.

2. நாற்று இருக்கு, நடுவதற்கு இடம்?

"செத்துப்போன பயிருக்குப் பதிலா வேற நாத்து வாங்கி நடக்கூடாதா?" என்று எங்க பாட்டி கேட்டாங்க. விஞ்ஞானிகளும் அதையேதான் கேட்டார்கள். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவரின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து நோயாளிக்குள் வைக்கலாம். ஆனால் எங்கே வைப்பது?

1973-இல் அமெரிக்காவில் பால் லேசி குழுவினர் எலிகளில் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தார்கள்: தோலுக்கு அடியில், வயிற்றுக்குழியில், கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில். தோலுக்கு அடியில் வைத்தது பலிக்கவில்லை. வயிற்றுக்குழியில் கொஞ்சம் பலன். கல்லீரலில் வைத்த எலிகளுக்குச் சர்க்கரை சீக்கிரமே சரியாகிவிட்டது. அன்றிலிருந்து கல்லீரல்தான் வழக்கமான இடம்.

2000-ஆம் ஆண்டு கனடாவின் எட்மண்டன் நகரில் டாக்டர் ஜேம்ஸ் ஷாபிரோ குழுவினர் 7 பேருக்கு இப்படி வைத்தார்கள். 7 பேருமே ஊசியை நிறுத்தினார்கள்! ஆனால் அதே ஊரில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களை 5 வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஊசி இல்லாமல் இருந்தவர்கள் சுமார் பத்தில் ஒருவர்தான். ஏன்?

(அ) திட்டுகள் நேராக ரத்தத்தில் கலப்பதால் ரத்தம் அவற்றைச் சுற்றி உறைந்து தாக்குகிறது. முதல் சில நாளிலேயே ஏராளமானவை செத்துப்போகின்றன.
(ஆ) கணையத்தில் கிடைத்த அளவு ஆக்ஸிஜன் அங்கே கிடைப்பதில்லை.
(இ) கல்லீரல் முழுக்கச் சிதறிவிடுவதால் ஏதாவது கோளாறு என்றால் திரும்ப எடுக்க முடியாது.

3. நல்ல நிலம் எது?

விதை நல்லா இருந்தா மட்டும் போதாது, நிலமும் வாய்க்கணும். நம்ம கரிசக்காடு பெய்த மழையைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் விளையுது. செல்லுக்கு ஈரம் என்பது ரத்த ஓட்டம். கணையத்தின் எடையில் திட்டுகள் 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால் கணையத்துக்கு வரும் ரத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் அவற்றுக்கே போகிறது! அவ்வளவு தாகம். அதனால் புதிய நிலத்தில் ரத்தம் வேண்டும், தாக்குதல் குறைவாக இருக்க வேண்டும், டாக்டர் கைக்கு எட்டவும் வேண்டும்.

விஞ்ஞானிகள் தேடிய நிலங்கள்:

தோலுக்கு அடியில்: ரொம்ப சுலபமான இடம், ஆனால் ரத்தக் குழாய் குறைவு. 2015-இல் எட்மண்டன் குழுவினர் எலியின் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயைச் சில வாரம் வைத்தார்கள். அதைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள் வளர்ந்தபின் அதை உருவிவிட்டு அந்த இடத்தில் திட்டுகளை வைத்தார்கள், பலித்தது. உழுது போட்டு அப்புறம் விதைக்கிற மாதிரி!

குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் கொழுப்புச் சவ்வு: அமெரிக்காவின் மியாமியில் 43 வயது பெண்ணுக்கு இதன்மேல் திட்டுகளைப் பரப்பி ஒட்டினார்கள். 17 நாளில் ஊசி நின்றது. 2017-இல் செய்தி வெளியானது.

வயிற்றுத் தசையின் உறைக்குக் கீழே: சீனாவின் தியான்ஜின் நகரில் 2023-இல் 25 வயது பெண்ணுக்குச் செய்தார்கள். அவருடைய சொந்தக் கொழுப்பு செல்களையே மாற்றி, இன்சுலின் சுரக்கும் திட்டுகளாக வளர்த்து வைத்தார்கள். 75 நாளில் ஊசி நின்றது.

முன்கைத் தசை: சுவீடனின் உப்சலாவில் 2024 டிசம்பரில் 42 வயது ஆணுக்கு வைத்தார்கள். காவல் செல்களின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய செல்கள் அவை. எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை இல்லாமலே அவை உயிரோடிருந்து இன்சுலின் சுரந்தன. வைத்தது கொஞ்சம் என்பதால் அவர் ஊசியை நிறுத்தவில்லை.

கண்ணின் முன்னறை: எலியின் கண்ணில் வைத்தால் கருவிழி வழியாகவே செல்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்!

4. நமக்கு இதில் என்ன இருக்கு?

இவை ஓரிருவருக்குச் செய்த சோதனைகள். வேறொருவரின் செல்லை வைத்தால் உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையை வழக்கமாக விடாமல் சாப்பிட வேண்டும். அதனால் வேறு கிருமிகள் சுலபமாகத் தொற்றும். ஒருவருக்குப் பல சமயம் இரண்டு பேரின் கணையம் தேவைப்படும். ஆகவே இன்றைக்கு நம்ம ஊர்ப் பிள்ளைக்கு உயிர் காப்பது இன்சுலின் ஊசிதான்.

"சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்" என்று சுவரொட்டி ஒட்டி மருந்து விற்பவர்களை நம்பி 1-ஆம் வகைப் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால், சில நாளிலேயே மயங்கி உயிரே போய்விடலாம். இதை உங்க வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசமாகவே தருகிறார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈர மணல் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்து, திடீரென்று வேர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே சீனியோ குளுக்கோஸோ கொடுத்து ஆசிரியரைக் கூப்பிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊட்டக்கூடாது, 108-க்குப் போன் செய்ய வேண்டும். பாட நேரத்தில் அவர்கள் பிஸ்கட் சாப்பிட்டால் கேலி செய்யாதீர்கள். ஆசிரியர்களும் அனுமதிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. திட்டுகளைக் கல்லீரலில் வைப்பதில் உள்ள குறைகள் இரண்டு கூறுக.
2. தோலுக்கடியில் முதலில் குழாய் வைத்தது ஏன்?
3. 1-ஆம் வகை நோய் உள்ளவர் இன்சுலினை ஏன் நிறுத்தக்கூடாது?

விடைகளை இந்தத் தாளுக்குக் கீழே உள்ள பெட்டியில் எழுதிப் போடவும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றம்