விடை எங்கிருந்து வந்தது?

அன்புள்ள தம்பி,

"எல்லா டெஸ்டும் பாஸ், ஐயா. அடுத்து என்ன?" என்று எழுதியிருந்தாய். கோப்பைத் திறந்து பார்த்தேன். எதிர்பார்க்கும் விடைகள் நாற்பதும் உன் நிரலே தந்தவை. ஒருமுறை ஓடவிட்டு, வந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறாய். நேற்றுச் சொன்னதையே நிரல் இன்றும் சொல்கிறதா என்பது அதில் தெரியும். பழைய நிரலைத் திருத்துகிறவர்களுக்கு அதுவும் தேவைதான். ஆனால் சொன்னது சரியா என்பது அதில் தெரியாது.

உன் கூட்டு வட்டிக் கணக்கையே எடு. 1,000 ரூபாய், 10 சதவீதம், 2 ஆண்டு. தாளில் போட்டால் 1,210. உன் கோப்பில் 1,200 இருக்கிறது. முதலாண்டு வட்டி அசலோடு சேரவே இல்லை. நாளைக்கு யாராவது இதைச் சரிசெய்தால் உன் டெஸ்ட் ஃபெயில் ஆகும். தவறுக்கல்லவா காவல் வைத்திருக்கிறாய்!

"விடை முன்பே தெரிந்தால் நிரல் எதற்கு?" என்று கேட்பாய். கணினி அறிவியலாளர் இலேன் வெயுக்கர் 1982இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். நான் திரும்பத் திரும்பப் படித்தது அது. ஆனாலும் எனக்குப் பிடித்த உதாரணம் இன்டெலின் பென்டியம் சில்லு.

1994இல் வர்ஜீனியாவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டி வரும் விடை முன்பே தெரியாது. அதனால் ஒரே கணக்கை வேறு கணினிகளிலும் ஓட்டினார். பென்டியம் மட்டும் முரண்பட்டது. தன் நிரலை மாதக்கணக்கில் சந்தேகித்துவிட்டுத்தான் சில்லுக்கு வந்தார். வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. பிறகு பலரும் செய்து பார்த்த சோதனை இது: 4195835ஐ 3145727ஆல் வகு, வந்ததை 3145727ஆல் பெருக்கு, 4195835இலிருந்து கழி. 0 வர வேண்டும். அந்தச் சில்லில் 256 வந்தது. ஈவு எவ்வளவு என்று தெரியாமலே பிழை பிடிபட்டுவிட்டது, பார்த்தாயா? இந்தப் பிழைக்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

உன் வட்டிக்கும் இதே வழி உண்டு. 2 ஆண்டுக்கு ஒரேயடியாகப் போடு. பிறகு 1 ஆண்டுக்குப் போட்டு, வந்த தொகையை மீண்டும் 1 ஆண்டுக்குப் போடு. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். உன் நிரலில் 1,200, 1,210 என்று பிரியும். ஒப்பிடும்போது தசமங்களுக்கு அப்படியே சமக்குறி போடாதே. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.30000000000000004 என்கிறது. எவ்வளவு வித்தியாசம் பொறுக்கலாம் என்பதை நீயே தீர்மானித்து எழுது.

அந்த நாற்பது விடைகளையும் இன்றே அழித்துவிடு. பத்தையாவது கையால் போடு. போட்ட தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்