டிரிப் இல்லாத நாளில் என்ன சம்பளம்?

பேராக்கின் பழைய தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் எழுந்துவிட்டது. பால் வெட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இப்போது லோரி ஓட்டுகிறார்கள். ‘ஈ’ லைசென்சும் ஜிடிஎல்லும் கைக்கு வந்துவிட்டால் வேலை தேடி அதிகம் அலைய வேண்டியதில்லை. சிக்கல், எந்த வேலையில் ஏறுவது என்பதில்தான்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “ஒரு டிரிப்புக்கு எவ்வளவு?” அதைப் பிறகு கேளுங்கள். “டிரிப் இல்லாத நாளில் என்ன சம்பளம்?” என்று முதலில் கேளுங்கள். தவுக்கே தயங்கினால் அவர் கணக்கு தெரிந்துவிடும்: மழை, பழுது, துறைமுக வரிசை எல்லாம் உங்கள் செலவு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அதற்குக் கீழே அடிப்படையை வைத்து, மீதியை டிரிப் காசில் ஈடுகட்டிக்கொள் என்கிற இடத்தில், தூக்கத்தை விற்றுத்தான் வீட்டு வாடகை கட்ட முடியும்.

எந்தச் சரக்கு? செம்பனைக் குலை ஏற்றினால் இரவு வீட்டில் சாப்பிடலாம்; ஆனால் சேற்றுப் பாதை, விளைச்சல் குறைந்த மாதங்களில் காசும் குறைவு. கல், மணல், சிமெண்ட் என்றால் டிரிப் எண்ணிக்கைதான் எல்லாம். அளவுக்கு மேல் ஏற்றச் சொல்லும் ஆசையும் அங்கேதான் அதிகம். கண்டெய்னர் என்றால் கிள்ளான், பட்டர்வொர்த் என்று நாள்கணக்கில் வெளியூர். ஆனாலும் சம்பளச் சீட்டு, இபிஎஃப், சொக்சோ ஒழுங்காக இருக்கும் வாய்ப்பு பெரிய கம்பெனியில் கூடுதல். முதல் இரண்டு வருடத்துக்கு நான் கண்டெய்னரைத்தான் சொல்வேன். காசு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஜெலப்பாங் பக்கம் இறங்கும் சரிவில் பாரத்தோடு எப்படிக் கியரைக் குறைத்து இறங்குவது என்று சொல்லித்தர அங்கே மூத்த ஓட்டுநர்கள் இருப்பார்கள். தனி லோரி வைத்திருக்கும் தவுக்கேயிடம் சாவி மட்டும்தான் கிடைக்கும்.

“நீ வேலைக்காரன் இல்லை, கண்ட்ராக்ட்” என்று சிலர் சொல்வார்கள். லோரி அவருடையது, நேரம் சொல்வது அவர், சம்பளம் கொடுப்பதும் அவர் என்றால் பேச்சை மட்டும் சட்டம் நம்பாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள், இப்படிப்பட்டவரைத் தொழிலாளியாகவே அனுமானிக்கச் சொல்கின்றன. வாரம் 45 மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. சரக்கு வண்டி ஓட்டுகிறவருக்குச் சம்பள வரம்பு பார்க்காமல் இது பொருந்தும்.

இனி சண்டைக்கு வருவோம். ஓட்டுநருக்கும் முதலாளிக்கும் வரும் தகராறில் பெரியது பாரமும் பழுதும். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி பாதுகாப்புப் பணி முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸார் 9 பேர், கல் ஏற்றி வந்த லோரி மோதி இறந்தார்கள். ஸ்டீயரிங் கோளாறும் அதிக பாரமும் விசாரணையில் பேசப்பட்டன. ஓட்டுநர்மீது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவில் குற்றம் சாட்டப்பட்டது. அதில் நிரூபணமானால் 5 முதல் 10 வருடம் சிறை. “முதலாளி ஏற்றச் சொன்னார்” என்பது உங்களைக் காப்பாற்றும் வாக்கியம் இல்லை.

ஆகவே பிரேக் சரியில்லை என்றால் வாயால் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “பாஸ், பின் பிரேக் பிடிக்கவில்லை, படம் அனுப்பியிருக்கிறேன். சரிபார்த்த பிறகு எடுக்கிறேன்.” மரியாதை குறையாது, தேதியும் நேரமும் பதிவாகிவிடும். துரை முன்னாலும் கிராணி முன்னாலும் எதிர்த்துப் பேசாத பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. எழுதிவைப்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

மூத்த ஓட்டுநருடன் உரசல் வேறு வகை. நல்ல டிரிப் அவருக்கு, சேறு உங்களுக்கு என்றுதான் முதலில் இருக்கும். அதைச் சில மாதம் பொறுத்துக்கொள்ளலாம். கெலிண்டான் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள், சாப்பாட்டுக் கடையில் தனியாக, “அண்ணே, இதைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

பம்பர் நசுங்கியது, சம்மன் வந்தது என்று சம்பளத்தில் கை வைத்தால், சட்டம் அனுமதித்த வகைகளுக்கு மட்டும்தான் பிடிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையா, ஈப்போவில் தொழிலாளர் இலாகா இருக்கிறது. சம்பளப் புகாருக்கு வக்கீல் கட்டாயமில்லை. காரணமின்றி வேலையை விட்டு நீக்கினால் தொழில் உறவுத் துறையில் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். அடுத்த வேலை தேடும் அலைச்சலில் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

நீங்களாகவே விலகுவதென்றால் கோபத்தில் சாவியை மேசையில் போட்டுவிட்டு வராதீர்கள். ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லப்படாதபோது, இரண்டு வருடத்துக்குக் குறைவான வேலைக்கு நான்கு வாரம் முன்னறிவிப்பு. கொடுக்காமல் போனால் அந்த நான்கு வாரச் சம்பளத்தை முதலாளி உங்களிடம் கேட்கலாம்.