பியசோ வட்டு பலவீனமானதா?

மார்கழியில் வாடைக்காற்று எழும்பிவிட்டால் பருத்தித்துறையில் பட்டங்கள் ஏறத் தொடங்கிவிடும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழாவைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை: பட்டத்தில் பூட்டிய விண், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாடா, கூவக் கூவ விளக்கும் மின்னவேண்டும். விண் பூட்டிய வில்லில் அதிர்வை மின்சைகையாக மாற்றும் ஒரு பியசோ வட்டு, ஓர் ஆர்டுயினோ நானோ, ஒரு வரிசை எல்.ஈ.டி. அருமையான ஆசை. ஆனால் வேலை தொடங்குமுன்பே, "பியசோவின் சைகை மிகவும் சிறியது, விரியலாக்கி இல்லாமல் ஒன்றும் நடவாது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை பெரும்பாலும் மல்ரிமீற்றரில்தான் பிறக்கிறது. வட்டைத் தட்டினால் திரையில் ஒன்றும் ஏறாது. சாதாரண மீற்றர் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் அளவு காட்டும்; தட்டலின் உச்சமோ சில மில்லிசெக்கன்களில் வந்து போய்விடும்.

இதைச் செய்து பாருங்கள். பழைய அலாரத்தில் கழற்றிய பித்தளை வட்டின் இரு கம்பிகளிலும் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யின் கால்களைப் பற்றவையுங்கள். பற்றரி வேண்டாம். இருட்டறையில் பேனாவின் பின்புறத்தால் வட்டைத் தட்டுங்கள். ஒரு கணம் சிவப்பு மினுங்கும். அது மினுங்க ஏறத்தாழ 1.8 உவோற்று வேண்டும். பலமாகத் தட்டினால் பத்துக்கணக்கான உவோற்றுகள் எழும். 1880இல் கியூரி சகோதரர்கள் பளிங்குகளில் கண்டறிந்த அதே விளைவுதான் இது. அழுத்தத்துக்குக் குறைவில்லை, குறைவு ஓட்டத்தில்தான். ஆகவே முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு: தொடரில் ஒரு தடையி, உள்ளீட்டு முனைக்கும் தரைக்கும் குறுக்கே 5.1 உவோற்று சேனர் இருவாயி.

"தட்டலில் பாதி பதிவாகவில்லை, சைகை போதாது" என்பது அடுத்த முறைப்பாடு. நிரலைத் திறந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 100 மில்லிசெக்கன் காத்திருக்கச் சொல்லும் வரி இருக்கும். உச்சம் அந்தத் தூக்கத்தில் போய்விடுகிறது. நானோ ஓர் அளவை எடுக்க 0.1 மில்லிசெக்கன் அளவே ஆகும். அந்த வரியை அழித்துவிடுங்கள்.

வட்டுக்குக் குறுக்கே போடும் 1 மெகாஓம் தடையி வீண் என்று அதைக் கழற்றுபவர்களும் உண்டு. தேங்கும் மின்னேற்றம் வடிய வழியில்லாமல் அளவு அலையத் தொடங்கும். வேறு சிலர் அந்த இடத்தில் 10 கிலோஓம் போடுகிறார்கள். வட்டின் கொள்ளளவம் 20 நானோபரட்டு என்றால், 1 மெகாஓமுடன் 8 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டதெல்லாம் நன்றாகக் கிடைக்கும். 10 கிலோஓமுடன் 800 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயும். விண்ணின் தாழ்ந்த முழக்கம் அங்கேதான் தொலைகிறது.

மென்காற்றில் வில் இலேசாக அதிரும்போது சைகை உண்மையாகவே சிறிதாகலாம். நானோவின் ஒரு படி 4.9 மில்லியுவோற்று. ஒப்பீட்டு அழுத்தத்தை உள்ளே இருக்கும் 1.1 உவோற்றுக்கு மாற்றினால் ஒரு படி 1.1 மில்லியுவோற்று ஆகிவிடும். செலவு ஒரு வரி நிரல். அதுவும் போதாதபோதுதான் விரியலாக்கி. கடையில் எளிதாகக் கிடைக்கும் எல்.எம். 358, 5 உவோற்று கொடுத்தால் 5 உவோற்று வரை தரும் என்று நம்பவேண்டாம், 3.5 அளவில் நின்றுவிடும். எம்.சி.பி. 6002 ஏறத்தாழ முழுவதையும் தரும்.

வட்டை வில்லில் செலோரேப்பால் ஒட்டியிருக்கிறீர்களா? முதலில் அதைக் கழற்றி, மூங்கிலோடு சூப்பர் குளூவால் இறுக ஒட்டிப் பாருங்கள். விரியலாக்கியை அதற்குப் பிறகு வாங்கலாம்.